எண்ணெய் ஊறிய மண்ணுக்கு நுண்ணுயிர்த் தூள்: மண்டபம் பக்கத்தில் பெற்ற ஒரு சேவையின் மதிப்பீடு

எண்ணெய் கலந்த மண்ணை நுண்ணுயிர்களைக் கொண்டு தூய்மைப்படுத்தும் சேவையைச் சுத்திகரிப்பு ஆலைகளும் எண்ணெய்க் கிணறு வைத்திருப்பவர்களும்தான் நெடுங்காலம் பெரும்பாலும் பயன்படுத்தி வந்தார்கள். இப்போது அதே சேவை சிறிய அளவில் பெட்ரோல் பங்குகளுக்கும், வண்டிப் பட்டறைகளுக்கும், தனியார் மனைகளுக்கும்கூடக் கிடைக்கிறது. மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையே, பாக் விரிகுடாப் பக்கம் இருக்கும் எங்கள் குடும்ப மனைக்கு அப்படியொரு சேவையை அண்மையில் பெற்றோம். எங்களைப் போன்ற மனைக்காரர்கள் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை பலர் இருப்பார்கள் என்பதால் அதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தெரிந்தேதான் தவிர்க்கிறேன். ஏறத்தாழ இதே தூளையும் இதே நடைமுறையையும் வேறு பெயர்களில் விற்பவர்கள் இருக்கிறார்கள், நான் சொல்லப்போகும் குறைநிறைகளில் பெரும்பாலானவை முறையைச் சார்ந்தவையே. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்த முறை வேலை செய்கிறது, ஆனால் நாம் அதிகப் பணம் கொடுப்பது அதில் குறைவாக வேலை செய்யும் பொருளுக்கு.

மனை பல ஆண்டுகள் ஒரு விசைப்படகு எஞ்சின் பட்டறைக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் இந்தப் பக்கத்துப் படகுகள் எல்லாம் எஞ்சினை இறக்கிப் பழுது பார்க்கும். ஆகவே அந்த இரண்டு மாதங்களில் பட்டறையில் ஓடிய கழிவு ஆயில் மற்றப் பத்து மாதங்களில் ஓடியதைவிட அதிகமாக இருந்திருக்க வேண்டும். பட்டறைக்காரர் காலி செய்து போனபின் மனையில் இரண்டு விதமான கறைகள் இருந்தன. டீசல் பரல்கள் நின்ற மூலையில் மண் பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு பிடி அள்ளினால் கையில் டீசல் வாடை நெடுநேரம் நிற்கும். ஆயில் இறக்கிய இடத்திலோ மணல் கறுத்துக் கட்டிதட்டி, மேலே தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சேவையின் பலன் முழுவதும் இதைப் பொறுத்தே அமைந்தது.

அக்கம்பக்கத்தார் சொன்ன வழி எளிமையானது. "டிராக்டர் வச்சு அள்ளி சீமைக் கருவேலங்காட்டுல தட்டிவிட்டுப் புது மண் அடிச்சிருங்க சார், ஒரு நாள் வேலை" என்றார் ஒரு படகு உரிமையாளர். அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் குறித்த 2016ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணையில் பயன்படுத்திய எண்ணெயும் எண்ணெய் கலந்த கழிவும் இடம்பெற்றிருப்பதால் அது சட்டப்படி முடியாது. சட்டத்தை விட்டுவிட்டாலும், இந்தக் கடற்கரையில் நன்னீர் என்பது உப்பு நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலம்தான். மணலில் சில அடி தோண்டினால் ஊற்று கிடைப்பதும் அதனால்தான். நம் மனையின் எண்ணெய் அடுத்தவர் ஊற்றுக்குப் போவதைத் தூய்மை என்று சொல்ல முடியாது.

நிறுவனம் விற்றது ஒரு தொகுப்பு. ஆள் வந்து இடத்தைப் பார்த்து மண் மாதிரி எடுப்பது, கறையின் பரப்புக்கு ஏற்ப நுண்ணுயிர்த் தூள் தருவது, கூடவே 'ஊட்டக் கலவை' என்ற பெயரில் ஒரு மூட்டை உரம், முதல் கலப்பின்போது நேரில் நின்று மேற்பார்வை, முன்னும் பின்னுமாக இரண்டு ஆய்வகச் சான்றுகள் ஆகியவை அதில் அடங்கும். கூலி, தண்ணீர், தார்ப்பாய், கிடுகு, தென்னை நார்க்கழிவு எல்லாம் நம் பொறுப்பு. மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தபோது பாதிக்கும் மேல் தூளுக்கே போயிருந்தது.

தூளைப் பற்றி முதலில் சொல்கிறேன். பழுப்பு நிறம், தவிட்டைப் போன்ற தொடுபதம், இலேசான புளித்த வாடை. பாக்டீரியாக்களை உலர வைத்து ஏதாவதொரு தாவரத் தூளில் ஏற்றி விற்பது நம் நாட்டில் நன்கு அறியப்பட்ட உத்தி. டெல்லியில் இருக்கும் டெரி என்ற எரிசக்தி, வளங்கள் ஆய்வு நிறுவனம், ஒன்றிய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு உருவாக்கிய ஆயில்சாப்பர் என்ற தயாரிப்பு, ஐந்து வகை பாக்டீரியாக்களின் கூட்டைச் சோளக்கதிர்த் தக்கைத் தூளில் ஏற்றியதுதான். அதைக் கொண்டு ஓஎன்ஜிசி நிறுவனமும் டெரியும் சேர்ந்து 2007இல் ஒரு கூட்டு நிறுவனமே தொடங்கின. ஆகவே 'தவிட்டைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள்' என்று முதல் பார்வையிலேயே முடிவுகட்ட வேண்டியதில்லை. நான் எதிர்பார்த்தது வேறு. ஒரு கிராம் தூளில் உயிருள்ள செல்கள் எத்தனை, எந்தப் பேரினங்களைச் சேர்ந்தவை, எந்த வெப்பத்தில் எவ்வளவு காலம் வைக்கலாம், எவ்வளவு உப்பைத் தாங்கும் என்ற நான்கும் பையின் மேல் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ தயாரித்த மாதமும், 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்ற ஒரு வரியும் மட்டுமே. இராமநாதபுரம் மாவட்டத்தில் சித்திரை மாதத்தில் குளிர்ந்த இடம் எது என்று தூள் கொண்டுவந்த இளைஞரைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, வேனில் ஒரு பகல் முழுவதும் கிடந்த மூட்டையை இறக்கி வைத்தார்.

அந்த இளைஞர் பொறுமைசாலி, வேலை தெரிந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். நுண்ணுயிர் எப்படி வேலை செய்யும் என்று எங்கள் வீட்டுப் பெண்களிடம் அவர் விளக்கிய விதம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று: "பாலுக்குப் பிரை மோர் ஊத்துற மாதிரிதான் அம்மா. கொஞ்சம் போட்டா போதும், மீதிய அதுவே பார்த்துக்கும்." கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. பால் காய்ச்சப்பட்டது, அதில் வேறு உயிர் இல்லாததால்தான் பிரை மோர் தேவைப்படுகிறது. மண் காய்ச்சப்பட்டதல்ல. பல ஆண்டுகளாக எண்ணெய் ஊறிய மண்ணில், அந்த எண்ணெயையே உணவாகக் கொள்ளத் தெரிந்த நுண்ணுயிர்கள் ஏற்கெனவே பெருகித்தான் இருக்கும். சூடோமோனாஸ், அசினிட்டோபாக்டர், ரோடோகாக்கஸ் முதலிய எண்ணெய் உண்ணும் பேரினங்கள் உலகெங்கும் மண்ணில் இயல்பாக வாழ்பவை. அவை நம் மனையில் வேலை செய்யாமல் கிடந்தன என்றால், ஆள் இல்லாமல் அல்ல, அவற்றுக்கு வேறு ஏதோ கிடைக்காமல்தான்.

அது என்ன என்பதில்தான் இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு இருக்கிறது. எண்ணெய் என்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும். பாக்டீரியா தன் நொதிகளால் அந்தச் சங்கிலியின் ஒரு முனையில் ஆக்சிஜனை ஏற்றி, கொழுப்பு அமிலமாக மாற்றி, அதன்பின் நம் உடல் கொழுப்பை எரிப்பதை ஒத்த வழியில் கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் முடிக்கிறது. முதல் படிக்கே காற்று வேண்டும். ஒரு கிலோ எண்ணெய் முழுவதும் சிதைய மூன்று கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் தேவை. ஒரு டன் மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெய் இருந்தால் அது 50 கிலோ எண்ணெய். அதற்கு 150 கிலோ ஆக்சிஜன், அதாவது 500 கன மீட்டருக்கும் அதிகமான காற்று, கட்டிதட்டிய மணலுக்குள் புகுந்தாக வேண்டும். எந்தத் தூளும் இதைச் செய்யாது. மண்வெட்டியும் பவர் டில்லரும்தான் செய்யும். பாக்டீரியா தன் உடலைக் கட்டுவதற்குத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) வேண்டும். எண்ணெயில் அவை ஏறக்குறைய இல்லவே இல்லை. கார்பன் நூறு பங்குக்குத் தழைச்சத்து பத்து, மணிச்சத்து ஒன்று என்ற விகிதத்தைப் பொதுவாகக் கையாளுகிறார்கள். இவற்றோடு ஈரமும் வேண்டும். ஆனால் மண்ணின் துளைகள் நிரம்பிக் காற்று அடைபடும் அளவுக்குக் கூடாது.

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி, ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் அமெரிக்கக் காலன் கச்சா எண்ணெயைக் கொட்டியபோது, கடற்கரைக் கற்களில் பெரிய அளவில் இடப்பட்டது பாக்டீரியா அல்ல, உரம். அங்கேயே இருந்த நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் கொடுத்ததும் சிதைவு விரைவடைந்தது. அடுத்து, சந்தையில் விற்ற பாக்டீரியாத் தயாரிப்புகள் இரண்டை அதே கரையில் வைத்துச் சோதித்தபோது, உரம் மட்டும் பெற்ற பகுதிகளைவிடக் குறிப்பிடத்தக்க மேம்பாடு எதுவும் தென்படவில்லை. நிறுவனத்தின் விளக்க ஏட்டில் அலாஸ்காவின் படம் இருக்கிறது. இந்தப் பகுதி இல்லை. ஆனந்த மோகன் சக்கரவர்த்தியின் படமும் அதில் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் பிறந்து அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், எண்ணெயில் இருக்கும் பல வகை ஹைட்ரோகார்பன்களை உண்ணும் திறனை ஒரே சூடோமோனாஸுக்குள் கொண்டுவந்தார். உயிருள்ள நுண்ணுயிருக்குக் காப்புரிமை உண்டு என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அவருடைய வழக்கில்தான். பெருமைக்குரிய வரலாறு, ஐயமில்லை. ஆனால் அந்த உயிரி திறந்தவெளி எண்ணெய்க் கசிவு எதிலும் இறக்கப்படவில்லை. எங்களுக்கு வந்த தூளுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம், ஏனென்றால் ஊட்டக் கலவை பற்றிய என் முதன்மையான குறை இங்கேதான். மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பகுதியின் அடித்தளம் பவளப்பாறைச் சுண்ணாம்பு. மணலிலேயே சிப்பித் துகளும் பவளத் துகளும் கலந்திருப்பதால் மண் காரத்தன்மை உடையது. இப்படிப்பட்ட மண்ணின் மேல் யூரியாவைத் தூவினால் அதன் தழைச்சத்தில் கணிசமான பகுதி அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும். மணிச்சத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். மிஞ்சியதை மணல் தேக்கி வைக்காது. அளவுக்கு மீறி நீர் பாய்ச்சினால் நைட்ரேட்டாகி நேரே ஊற்றுக்கு இறங்கும். நிறுவனத்தின் கலவையோ பெரும்பாலும் யூரியாவும், மணிச்சத்து தரும் டிஏபி உரமும். மேலே சொன்ன கணக்கின்படி 50 கிலோ எண்ணெய் முழுவதற்கும் ஏறத்தாழ 9 கிலோ யூரியா ஆகும். அதை ஒரு டன் மண்ணில் ஒரே தடவையில் போடுவது எந்த விவசாயியும் கனவிலும் இடாத அளவு. நுண்ணுயிர்கள் அந்த உரத்தின் உப்பிலேயே ஒடுங்கிவிடும். செய்முறைத் தாளில் 'முழுவதையும் முதல் நாளே கலக்கவும்' என்று இருந்தது. நான் மறுத்தேன். இளைஞர் தொலைபேசியில் அலுவலகத்தைக் கேட்டு, பிரித்து இடலாம் என்று ஒப்புக்கொண்டார். சிறு சிறு பங்காக இட்டோம், ஒவ்வொரு முறையும் மண்ணுக்குள் கலந்து மூடினோம், கூடவே மக்கிய ஆட்டுப் புழுக்கையைத் தாராளமாகச் சேர்த்தோம். கிடை போடும் ஊர் இது. புழுக்கைக்குப் பஞ்சமில்லை, மெதுவாகச் சத்தை விடுவதில் அதற்கு இணையாக மூட்டையில் எதுவும் வரவில்லை.

உப்பு இன்னொரு சிக்கல். எங்கள் கிணற்று நீர் கோடையில் கரிக்கும். நன்னீர் மண்ணில் வளர்த்த பாக்டீரியா அதில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு நிறுவனத்திடம் பதில் இல்லை. கடலில் எண்ணெய் உண்பதற்கென்றே வாழும் இனங்கள் இருக்கின்றன. வட கடலின் போர்க்கும் தீவின் பெயரைத் தாங்கி 1998இல் விவரிக்கப்பட்ட அல்கானிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ் அவற்றில் பெயர்பெற்றது. அது உப்பு இல்லாமல் வாழாது. மண் பாக்டீரியா பலவற்றுக்கு உப்பு மிகுந்தால் வாழ்வில்லை. கடற்கரை மனைகளுக்கு விற்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எது பொருந்தும் என்று சோதித்திருக்க வேண்டாமா? நாங்கள் லாரித் தண்ணீர் வாங்கித்தான் தெளித்தோம். அந்தச் செலவை முதல் மதிப்பீட்டில் யாரும் சொல்லவில்லை.

வேலை நடந்த விதத்தில் எனக்குக் குறையில்லை. கறுத்த கட்டிகளை உடைத்து, தென்னை நார்க்கழிவைக் கலந்து, அடியில் தார்ப்பாய் விரித்து, முழங்கால் உயரத்துக்கும் குறைவாகப் பரப்பினார்கள். நார்க்கழிவைச் சேர்க்கச் சொன்னது நல்ல யோசனை: மணலுக்கு ஈரம் பிடிக்கும் தன்மையைத் தருகிறது, கட்டி சேராமல் காற்றுக்கு இடம் விடுகிறது, உச்சிப்புளித் தோப்புகளில் மலிவாகவும் கிடைக்கிறது. மேலே கிடுகுப் பந்தல் போடச் சொன்னதும் சரியே. வைகாசி வெயிலில் வெறும் மணலின் மேற்பரப்பு காலை வைக்க முடியாமல் கொதிக்கும், எண்ணெய் உண்ணும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை 25 முதல் 40 பாகை வரையில்தான் நன்றாக இயங்கும். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும் என்றார்கள். உள்ளூர் ஆட்களை வைத்து அதைத் தவறாமல் செய்தோம். ஆடுகள் உள்ளே வராமல் வேலி கட்டுவதைச் செய்முறைத் தாளில் சேர்க்கலாம்; யூரியா தின்ற ஆடு பிழைப்பது கடினம்.

பலன் என்ன? டீசல் மூலையில் சில வாரங்களிலேயே வாடை குறையத் தொடங்கி, மழைக்காலத்துக்கு முன்பே மண்ணை முகர்ந்து எதுவும் சொல்ல முடியாத நிலை வந்தது. இதில் ஒரு பகுதி ஆவியாகிப் போனதுதான். கிளறிய ஒவ்வொரு முறையும் காற்றில் வாடை எழுந்ததே அதற்குச் சான்று. ஆனால் டீசலில் கணிசமான பகுதி நடுத்தர நீளமுள்ள நேர்ச்சங்கிலிகள். நுண்ணுயிர்கள் முதலில் தின்று தீர்ப்பவை அவைதாம். ஆகவே சிதைவும் உண்மையிலேயே நடந்திருக்கிறது என்றுதான் கருதுகிறேன். அங்கே விதைத்த பச்சைப்பயறு முளைத்தது. முன்பு விதைத்தபோது முளைக்கவில்லை.

கழிவு ஆயில் ஊறிய இடம் வேறு கதை. மண் இளகியிருக்கிறது, தண்ணீர் உள்ளே இறங்குகிறது, நிறமும் வெளுத்திருக்கிறது. ஆனால் கையில் எடுத்துத் தேய்த்தால் பிசுபிசுப்பு இருக்கிறது. பயறு முளைத்தாலும் இரண்டிலை விட்டு நின்றுவிடுகிறது. எஞ்சின் ஆயிலில் இருப்பவை கனமான, கிளைத்த, வளையங்களாலான மூலக்கூறுகள். அவற்றை உடைக்க நீண்ட காலம் பிடிக்கும், சிலவற்றை நுண்ணுயிர்கள் ஏறக்குறைய தொடுவதே இல்லை. விற்பனைத் தாளில் இரண்டு கறைகளுக்கும் ஒரே கால அளவைத்தான் உறுதியளித்திருந்தார்கள். இந்த ஓர் உறுதிமொழிக்காகவே நான் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன்.

ஆய்வகச் சான்று பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் கொடுப்பவர் பார்ப்பது அந்தத் தாளைத்தான். மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவு எடுத்து, முதல் மாதிரிக்கும் இறுதி மாதிரிக்கும் இடையே பெரும் வீழ்ச்சி என்று காட்டியிருந்தார்கள். ஆனால் முதல் மாதிரி எடுக்கப்பட்டது மேற்பரப்பின் கறுத்த கட்டியிலிருந்து. இறுதி மாதிரி எடுக்கப்பட்டது, அடிமணலும் நார்க்கழிவும் புழுக்கையும் கலந்து பரப்பிய குவியலிலிருந்து. எண்ணெய் ஒரு துளிகூடச் சிதையாவிட்டாலும், இரண்டு பங்கு சுத்தமான பொருளைக் கலந்தாலே அளவு மூன்றில் ஒன்றாகிவிடும்! இதை நான் சுட்டிக்காட்டியபோது, எல்லா இடங்களிலும் இப்படித்தான் எடுக்கிறோம் என்று பதில் வந்தது. நல்வாய்ப்பாக, கலந்து முடித்த அன்றே குவியலின் பல இடங்களிலிருந்து அள்ளி ஒன்றாக்கிய ஒரு மாதிரியை நான் தனியாக எடுத்து மூடி குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். மனையின் ஓரத்தில் ஒரு சிறு பங்கைத் தூள் சேர்க்காமல், மற்ற எல்லாவற்றையும் அதேபோலச் செய்து தனியாகவும் விட்டிருந்தோம். இந்த இரண்டையும் இறுதி மாதிரியோடு சேர்த்து வேறோர் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். கழிவு ஆயில் குவியலில் உண்மையான குறைவு பாதியை ஒட்டி இருந்தது. நிறுவனத்தின் தாள் சொன்னதைவிட வெகு குறைவு, ஆனாலும் சில மாத வேலைக்கு மோசமில்லை. தூள் போட்ட குவியலுக்கும் போடாத சிறு பங்குக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஒரே மனையில் ஒரே முறை செய்த ஒப்பீடு எல்லா மண்ணுக்கும் சான்றாகாது. புதிதாக எண்ணெய் கொட்டிய இடத்திலோ, கசடு மண்டி வேறு உயிர் குறைந்த குழியிலோ தூளுக்கு வேலை இருக்கக்கூடும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையொதுங்கிய எண்ணெய்க் கசடை வாளி வாளியாக அள்ளியபின், அதை நுண்ணுயிர் முறையில்தான் கையாண்டார்கள். அது அப்படிப்பட்ட சூழ்நிலை. பல ஆண்டுகள் பழகிய பட்டறை மண் அப்படியல்ல.

இந்தியாவில் எண்ணெய்க் கழிவைக் கையாண்ட பின் மிஞ்சும் எண்ணெயைக் கிலோ மண்ணுக்கு 5000 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவருவதையே வழக்கமாக இலக்காக வைக்கிறார்கள். சான்றில் 'தேர்ச்சி' என்று எழுதப்படுவது இதை வைத்துத்தான். அது ஆலைக் கழிவுக்கு ஏற்ற வரம்பு. பத்தடித் தொலைவில் குடிநீர்க் கிணறு இருக்கும் வீட்டு மனைக்கு அது போதும் என்று நான் ஏற்கமாட்டேன். போதாததற்கு, கழிவு ஆயிலில் துத்தநாகம் முதலான உலோகங்கள் இருக்கும். தேய்மானத் தடுப்புக்காகச் சேர்க்கும் பொருள்களிலிருந்தும் எஞ்சினின் தேய்மானத்திலிருந்தும் அவை வருகின்றன. நுண்ணுயிர் எண்ணெயைத் தின்னும், உலோகத்தைத் தின்று தீர்க்காது. உலோக அளவைச் சான்றில் சேர்க்கக் கேட்டபோது தனிக் கட்டணம் என்றார்கள். தனிக் கட்டணமாகவே இருக்கட்டும், ஆனால் அப்படியொரு சோதனை தேவைப்படும் என்பதை வாடிக்கையாளர் கேட்காமலேயே சொல்வதுதான் முறை.

ஒரு விஷயத்தில் அவர்களைக் கண்டிக்கவே வேண்டும். வேலை முடியும் தறுவாயில், மனைக்கு முன்னால் கரையில் படகுகளிலிருந்து ஒழுகிய எண்ணெய்க்கும் இதே தூளைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்துவிடலாம், ஊர்க்காரர்கள் சேர்ந்தால் விலை குறைத்துத் தருகிறோம் என்றார்கள். அலை வந்து போகும் இடத்தில் தெளித்தது அடுத்த ஏற்றத்தில் கடலுக்குப் போய்விடும். யூரியாவும் பாஸ்பேட்டும் கடற்புல் படுகைக்கும், பெண்கள் கட்டிவைத்திருக்கும் கடற்பாசிக்கும் மேலே போய்ச் சேரும். தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது; அந்தப் பக்கம் எதையும் தெளிப்பதற்கு வனத்துறையைக் கேட்காமல் நினைக்கவே கூடாது. கரையில் ஒழுகும் எண்ணெய்க்கு மருந்து, படகடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரைக் கடலில் இறைக்காமல் பரலில் பிடித்து, உரிமம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுப்பது மட்டுமே. கழிவு ஆயிலுக்கு விலையும் கிடைக்கிறது என்பது பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மண்ணில் ஊற்றுவது வசதிக்காகத்தான்.

யாருக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன்? டீசல், மண்ணெண்ணெய் போன்ற இலகுவான எண்ணெய் கொட்டிய இடம், ஆழம் இரண்டடிக்கு மேல் போகாதது, கிளறுவதற்கு ஆளும் தெளிப்பதற்குக் கரிக்காத தண்ணீரும் இருக்கிறது என்றால், தாராளமாகப் பெறலாம். மண்ணை அள்ளிக் கண்காணாத இடத்தில் கொட்டுவதைவிட எத்தனையோ மேல். தை பிறந்ததும் தொடங்கினால் வெயில் ஏறுமுன் சில மாதங்கள் கிடைக்கும். ஐப்பசியில் தொடங்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் குவியல் ஊறிக் காற்றடைத்துவிடும், இட்ட உரமும் ஊற்றுக்கு இறங்கும். பழைய எஞ்சின் ஆயிலுக்கு என்றால், ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்திடுங்கள். கலந்து முடித்த குவியலிலிருந்து உங்கள் முன்னிலையில் முதல் மாதிரி எடுக்க வேண்டும், தூள் சேர்க்காத ஒரு பங்கை ஓரத்தில் விட வேண்டும், கிணற்று நீரையும் முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இவற்றுக்கு ஒப்புக்கொள்ளும் நிறுவனம் தூளை எந்தப் பெயரில் விற்றாலும் பரவாயில்லை.

எங்கள் கழிவு ஆயில் குவியலுக்கு இரண்டாம் சுற்று தேவைப்படுகிறது. பழைய தொகுப்பையே சிறிது தள்ளுபடியோடு மீண்டும் தருவதாக விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். தூள் வேண்டாம், மேற்பார்வையும் மாதிரி எடுப்பும் சோதனையும் மட்டும் போதும், அதற்கு என்ன விலை என்று கேட்டு எழுதினேன். அந்த இளைஞர் தொலைபேசியில் அழைத்து, "அப்படி ஒரு பில் எங்ககிட்ட இல்லீங்க ஐயா, மேலே கேட்டுச் சொல்றேன்" என்றார். தை வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் பதில் வராவிட்டால் புழுக்கையும் பவர் டில்லரும் உள்ளூரிலேயே கிடைக்கும், ஆய்வகத்துக்கு மாதிரியை நானே அனுப்பிக்கொள்வேன்.